துணியில் தண்ணீர் ஒட்டாமல் செய்யும் ஃபுளோரின் சேர்மத்தை எப்படித் தயாரிக்கிறார்கள்?

பரவலான வழி டெலோமராக்கம், அதாவது சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று சேர்த்துக் குட்டையான சங்கிலிகளாக்குவது. பென்டாஃபுளோரோஎத்தில் அயோடைடுடன் டெட்ராஃபுளோரோஎத்திலீன் வாயுவை வினைபுரியச் செய்தால், கார்பன் சங்கிலி இரண்டிரண்டாக நீளும். பல நீளங்கள் கலந்தே கிடைக்கும். காய்ச்சி வடித்துப் பிரிப்பார்கள்.

அடுத்து, அயோடின் முனையில் ஓர் எத்திலீனைச் செருகுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஃபுளோரின் சூழ்ந்த கார்பனில் உள்ள அயோடினை நேரடியாக ஆல்கஹாலாக மாற்றினால், அது நிலைக்காமல் ஹைட்ரஜன் ஃபுளோரைடை இழந்துவிடும். நடுவில் இரண்டு சாதாரண கார்பன்கள் வந்துவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. அப்புறம் அயோடினை ஆல்கஹாலாக மாற்றி, அதை ஒன்றோடொன்று இணையக்கூடிய அக்ரிலேட் எஸ்டராக்கி, நீரில் நுண்துளிகளாகக் கலந்த பால்மமாகப் பாலிமராக்குவார்கள் (நீண்ட சங்கிலிகளாக இணைப்பார்கள்). துணியை அதில் முக்கிப் பிழிந்து, சுமார் 150-170 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் பூச்சு பிடித்துக்கொள்ளும்.

ஃபுளோரின் சங்கிலிகள் நாற்றுபோல வெளிப்புறம் நோக்கி நிற்கும். அவற்றின் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு. அதனால் எண்ணெய்கூடப் பரவாது. மெழுகு தண்ணீரை மட்டுமே தடுக்கும்.

எட்டு கார்பன் சங்கிலிதான் நன்றாக அடுக்கி நிற்கும். ஆனால் அது சிதைந்து பெர்ஃபுளோரோஆக்டனாயிக் அமிலம் உருவாகும். அது உடலிலும் நீரிலும் தங்கிவிடும். எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, 2019இல் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆறு கார்பனுக்கு மாறியும் சிதையாத எச்சம் மிஞ்சவே செய்கிறது. வெறும் மழைக்கோட்டுக்கு மெழுகோ சிலிக்கோனோ போதும் என்பதே என் கருத்து.