தாழ்தளப் பேருந்து: கேள்வி பதில்

கே: பஸ் வாசலில் விரிக்கும் சாய்பலகையில் என் மனைவியின் சக்கர நாற்காலியைத் தள்ளவே முடியவில்லை. பலகையில் கோளாறா?

ப: பலகையைத் திட்டாதீர்கள், பஸ் எங்கே நின்றது என்று பாருங்கள். உள்தளம் ரோட்டிலிருந்து 400 மி.மீ. உயரம். நடைபாதை 150 மி.மீ. என்றால், ஏற வேண்டியது 250 தான். பலகை ஒரு மீட்டர் நீளம் என்று வையுங்கள். சரிவு நாலுக்கு ஒன்று. பின்னால் ஒருவர் தள்ளினால் ஏறிவிடும். டிரைவர் ஓரம் கட்டாமல் நடுரோட்டில் நிறுத்தினால் பலகை தார்மேல் விழும், முழு 400-ம் ஏற வேண்டும். பலசாலியே திணறுவார். வண்டியை இடப்பக்கம் தாழ்த்தும் வசதி இருக்கிறது, டிரைவரிடம் கேளுங்கள். இறக்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாக இறக்குங்கள். பெல்ட் மாட்டும்வரை வண்டி நகரக் கூடாது.

கே: இலவசப் பயண அட்டை எங்கே வாங்குவது?

ப: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்.

கே: சென்னை மழைக்குத் தாழ்தளம் சரிவருமா? தளம் 900 மி.மீ. உயரமுள்ள பஸ்ஸில் நாற்காலியை ஏற்ற லிஃப்ட் வைத்தால் போதாதா?

ப: போதாது. லிஃப்ட் ரிப்பேரானால் நாற்காலிக்காரர் நிறுத்தத்திலேயே நிற்க வேண்டியதுதான். பலகையைக் கையால் விரித்துவிடலாம். அப்புறம், லிஃப்ட் ஒருவருக்கு; தாழ்ந்த வாசல் முட்டிவலிப் பாட்டிக்கும் கர்ப்பிணிக்கும் சேர்த்து.

கே: முட்டளவு வெள்ளத்தில்?

ப: அன்றைக்கு அந்த ரூட்டை நிறுத்துங்கள் ஐயா. சில நாள் வெள்ளத்துக்காக வருஷம் முழுக்கப் படியேறச் சொல்வது என்ன நியாயம்?

கே: லண்டனில் வெள்ளம் வராது, அதனால் அங்கே தாழ்தளம். இங்கே...

ப: 2024 ஆகஸ்டில் இறக்கிய தாழ்தள வண்டிகள் சென்னையில்தான் ஓடுகின்றன. 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து மின்சாரத் தாழ்தளமும் வந்துவிட்டது. இந்த வாதத்தை இத்துடன் விடுவோம்.

கே: சட்டம் கட்டாயப்படுத்துகிறதா?

ப: ஆமாம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 41. பழைய வண்டிகளை மாற்றியமைக்கச் சொல்லும் இடத்தில் ‘தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமானால், செலவு கட்டுப்படியானால்’ என்ற சந்து இருக்கிறது. அதிகாரிகள் நுழைவது அதில்தான். புது வண்டிக்கு அந்தச் சாக்கு எடுபடாது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது என்றது.

கே: எனக்குப் பார்வையில்லை. பஸ்ஸுக்குள்ளே ஸ்பீக்கர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிறது, சரி. எந்த பஸ் வந்தது என்று யாரைக் கேட்பது?

ப: சரியான கேள்வி. கதவு திறந்ததும் எண்ணும் ஊரும் வெளி ஸ்பீக்கரில் வர வேண்டும். பஸ் வாங்கும் டெண்டரிலேயே இதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், பிறகு மாட்டுவது லேசில்லை.

கே: பலகை ஏன் இவ்வளவு செங்குத்து?

ப: முதல் பதில். ஓரம் கட்டணும்.

கே: ஓரத்தில் ஆட்டோக்கள் நிற்கின்றனவே?

ப: போக்குவரத்துக் காவல்துறைக்கு எழுதுங்கள். நிறுத்தத்தின் பெயர், நேரம், வழித்தட எண், ஒரு போட்டோ.