பிரஸ் நோட் வருது, போட்டோ மட்டும் ஏன் வர மாட்டேங்குது?

தேனி மாவட்டம் கூடலூர்ல பன்னீர் திராட்சை விவசாயிகள் குழு நடத்துற ஒரு அண்ணன் கேட்டிருக்கார்: புதுசா பேக்கிங் ஷெட் திறந்தோம், தமிழ் பேப்பருக்கும் குமுளிப் பக்கம் மலையாள பேப்பருக்கும் செய்தி அனுப்புனோம், நாலு வரி வந்துச்சு, போட்டோ எதுலயும் வரல, அடுத்த மாசம் அறுவடை விழா வருது, அதுக்காச்சும் என்ன பண்ணணும்? அனுப்புன போட்டோவையும் கூடவே வச்சிருக்கார்.

அண்ணே, போட்டோவ பார்த்தேன். பிளக்ஸ் முன்னாடி பதினஞ்சு பேர் சால்வையோட வரிசையா நின்னு கேமராவ பார்க்குறாங்க, இத பேப்பர்ல ரெண்டு காலம், அதாவது ரெண்டு பத்தி அகலத்துல போட்டா ஒவ்வொரு மூஞ்சியும் மொளகு சைஸ்லதான் தெரியும், அதவிட முக்கியம், படத்துல ஒரு திராட்சை கூட இல்ல. விருந்தாளிகளுக்கு மரியாதை பண்ணணும்தான், அந்த குரூப் போட்டோவ எடுத்து அவங்களுக்கு கொடுங்க. பேப்பருக்கு தனியா ஒண்ணு எடுங்க.

அதுல ஒரு ஆள், மிஞ்சிப்போனா மூணு பேர், கையில ஒரு வேலை நடக்கணும், அவ்வளவுதான். பந்தலுக்கு கீழ ஒரு அக்கா கத்தரியால குலைய வெட்டுறாங்க, அவங்க கண்ணு குலை மேல இருக்கு, இது போதும், செய்தி என்னன்னு படிக்காமலே புரிஞ்சிடும். சிறப்பு விருந்தினர் படத்துல வந்தே ஆகணும்னா அவர் கையில கத்தரிய கொடுத்து முதல் குலைய வெட்டச் சொல்லுங்க. போன்ல ஜூம் பண்ணாம கிட்ட போய் எடுங்க, லென்ஸ ஒரு தடவ துடைச்சுக்கங்க.

வெளிச்சம்தான் நம்ம பயிருக்கு பெரிய சிக்கல். பன்னீர் திராட்சை கிட்டத்தட்ட கறுப்பு, நியூஸ்பிரிண்ட் தாளு மைய உறிஞ்சி பரவவிடும், அதனால போன்ல பளிச்சுன்னு தெரியுற குலை பேப்பர்ல வெறும் கறுப்பு கட்டியா வந்து நிக்கும். ஸ்கிரீன்ல முகத்த தொட்டு வெளிச்சத்த கொஞ்சம் தூக்கலாவே வச்சு எடுங்க. உச்சி வெயில்ல பந்தலுக்குள்ள எடுத்தா இலை இடுக்குல வர்ற வெயில் முகத்துல புள்ளி புள்ளியா விழும், காலைல வெயில் சாய்வா வர்றப்ப பந்தல் ஓரத்துல நிக்க வைங்க, சாயங்காலத்த நம்பாதீங்க, நம்ம பக்கம் சூரியன் சீக்கிரமே மலைக்கு பின்னாடி போயிடும். இன்னொண்ணு, பழத்து மேல சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம் இருக்கும்ல, அத அழகா இருக்கட்டும்னு துடைச்சிடாதீங்க, பழத்துல இயற்கையா வர்ற மெழுகு அது, அது இருந்தாத்தான் உருண்டை உருண்டையா தனித்தனியா தெரியும். விரல் பட்டாலே போயிடும், காம்ப புடிச்சு தூக்குங்க.

அனுப்புறதுலயும் நிறைய படம் செத்துப்போகுது. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா படம் சுருங்கிடும், டாக்குமெண்டா அனுப்புங்க, இல்ல மெயில்ல ஒரிஜினலையே போடுங்க. 10 சென்டிமீட்டர் அகலத்துல, 300 டிபிஐல, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளின்னு அச்சாகணும்னா அகலத்துல சுமார் 1200 பிக்சல் வேணும், இப்போ இருக்குற எந்த போன்லயும் அது தாராளமா வரும், நாமதான் ஸ்கிரீன்ஷாட், கொலாஜ், தேதி முத்திரைன்னு கெடுத்துடுறோம். படுக்கையா ஒண்ணு, நெட்டா ஒண்ணு அனுப்புனா பக்கம் போடுறவங்களுக்கு எது தோதோ எடுத்துப்பாங்க.

மெயில்லயே படக்குறிப்பு எழுதுங்க: இடமிருந்து வலமா யார் யாரு, இனிஷியலோட, எந்த ஊரு, என்ன பண்றாங்க, என்னைக்கு எடுத்தது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சத ஒரு வரி சேருங்க. படத்துல இருக்குறவங்ககிட்ட முதல்லயே கேட்டுருங்க, கூலிக்கு வந்தவங்கன்னாலும் கேக்கணும்.

மலையாள பேப்பருக்கு அதே படம் வேண்டாம்ணே. அங்க படிக்கிறவங்களுக்கு அவங்க ஊரு கடைக்கு வர்ற பழம்தான் சேதி, அதனால குமுளி வழியா போற வண்டில பெட்டி ஏத்துறத எடுங்க, குறிப்ப மலையாளத்துல எழுதி, குமுளில தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது பேரெல்லாம் சரியா இருக்கான்னு காட்டிட்டு அனுப்புங்க. ரெண்டுமே விழா அன்னைக்கு மதியத்துக்குள்ள போயிடணும், கீழ ஒரு போன் நம்பரும் போடுங்க, பேர்ல சந்தேகம்னு அவங்க கூப்பிட்டா உடனே எடுக்குற ஆளோட நம்பரா இருக்கட்டும்.