ரைன் பள்ளத்தாக்கில் இரண்டு நாள்: எந்தக் கோட்டை, எந்தக் கரை?

"பிராங்க்பர்ட்டில் வேலையாக இருக்கிறேன், ஒரு சனி ஞாயிறு கிடைக்கும், ரைன் நதிப் பள்ளத்தாக்கில் உண்மையான இடைக்காலக் கோட்டைகளைப் பார்க்க எப்படித் திட்டமிடுவது?" இதுதான் கேள்வி. அந்த 'உண்மையான' என்ற சொல்லுக்காகவே இந்தப் பதில்.

உங்களிடம் கார் இல்லை, டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அந்தச் சீட்டு ஐசி, ஐசிஇ என்ற நெடுந்தூர விரைவு ரயில்களில் செல்லாது. பிராந்திய ரயில்களில் செல்லும், இந்தப் பயணத்துக்கு அது போதும்.

முதலில் ஆற்றைப் புரிந்துகொள்ளுங்கள். பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர். 2002-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி இதுதான். கோப்லென்ஸை விட்டால் விஸ்பாடன், மைன்ஸ் பக்கம் வரும்வரை ஆற்றின் மேல் பாலமே கிடையாது. இரண்டு கரையிலும் தனித்தனி ரயில் பாதை. இடது கரை, வலது கரை என்பதெல்லாம் நீரோட்டம் போகும் திசையைப் பார்த்து நின்று சொல்வது. எதிர்க்கரைக்குப் போக வேண்டுமானால் படகுத்துறை இருக்கும் ஊருக்குத்தான் போக வேண்டும். பலருடைய நாள் வீணாவது இங்கேதான். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத கோட்டைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிடும். கரையோரம் ஆற்றுக் கிலோமீட்டர் பலகைகள் இருக்கும்: பாகராக் 543, கௌப் 546, லோரலை பாறை 554, மார்க்ஸ்பர்க் 580. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டால் எது எதற்கு முன்னால் என்ற குழப்பமே வராது.

என் பரிந்துரை மூன்றே கோட்டைகள்: இடிந்தது ஒன்று (ரைன்ஃபெல்ஸ்), ஆற்று நடுவில் நிற்பது ஒன்று (ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன்), மலைமேல் இருந்தும் ஒருபோதும் இடிபடாதது ஒன்று (மார்க்ஸ்பர்க்). "ஒரே நாளில் பத்து கோட்டை பார்க்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். கப்பல் தளத்தில் நின்று பார்த்தால் பத்துக்கு மேலேயே பார்க்கலாம், அதை மறுக்கவில்லை. உள்ளே நுழைந்து பார்ப்பதற்கு, மலையேற்றத்தையும் ரயில் காத்திருப்பையும் சேர்த்து, கோட்டை ஒன்றுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

சனிக்கிழமை காலை மைன்ஸ் வழியாக இடது கரையில் பாகராக் போய் இறங்குங்கள். வண்டியில் வலப்பக்க ஜன்னல் பிடியுங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். ஊருக்கு மேலே நிற்கும் ஸ்டாலெக் கோட்டை இப்போது இளைஞர் விடுதி. இரவு தங்க அங்கேயே முன்பதிவு செய்யலாம். 1689-ல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. இன்று நிற்பதில் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. ஏறும் வழியில் செந்நிறக் கல்லில், கூரையில்லாமல், வெறும் ஜன்னல் சட்டங்களோடு நிற்கும் வெர்னர் தேவாலயத்தைக் கடந்து போய்விடாதீர்கள். 1287-ல் வெர்னர் என்ற சிறுவன் இறந்ததற்கு யூதர்கள்மேல் பொய்ப்பழி போட்டு, இந்தக் கரை நெடுக அவர்களைக் கொன்றார்கள். அந்தச் சிறுவன் பெயரில் எழுந்த தேவாலயம் இது. கோட்டையைத் தகர்த்தபோது விழுந்த இடிபாடுதான் இதையும் சிதைத்தது.

பையை வைத்துவிட்டுப் பாகராக்கிலிருந்து சாங்க்ட் கோவாருக்குக் கப்பலில் போங்கள். கப்பல்கள் கோடைப் பருவத்தில்தான் முழு அட்டவணைப்படி ஓடும். இந்தத் திசையில் நீரோட்டத்தோடு போவதால் ஒரு மணி நேரம் போதும், லோரலை வளைவும் வழியிலேயே வந்துவிடும். திரும்பும்போது ரயில் பிடியுங்கள். எதிர்நீரோட்டத்தில் கப்பல் ஊர்ந்துதான் போகும்.

சாங்க்ட் கோவாரில் துறையிலிருந்து இருபது நிமிடம் ஏறினால் ரைன்ஃபெல்ஸ். 1245-ல் காட்ஸன்எல்ன்போகன் பிரபு ஐந்தாம் டீதர் தொடங்கியது. 1692-ல் பிரெஞ்சு முற்றுகையைத் தாங்கி நின்றது. 1794-ல் சண்டையே இல்லாமல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. பிறகு அவர்களே தகர்த்தார்கள். மதிலுக்கு வெளியே பூமிக்கடியில் ஓடும் சுரங்கப் பாதைகள்தான் இங்கே விசேஷம். முற்றுகையிடும் எதிரியின் காலடியில் வெடிமருந்து வைக்க வெட்டியவை அவை. சில இடங்களில் முதுகை மடித்துக்கொண்டுதான் நகர முடியும். நெற்றியில் கட்டும் டார்ச் கொண்டுபோங்கள்; கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு சுவரையும் பிடிக்க முடியாது. எந்தச் சுரங்கம் திறந்திருக்கிறது என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், பராமரிப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள். இங்கே பாறையும் படியும் எல்லாம் பலகைக்கல். மழை பெய்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். அடியில் நல்ல பிடிப்புள்ள காலணி கட்டாயம். எதிர்க்கரையில் தெரியும் காட்ஸ் கோட்டைக்கு ஏறிப் போகாதீர்கள், அது தனியார் சொத்து.

ஞாயிறு காலை பாகராக்கிலிருந்து ஆற்றோரச் சமதளப் பாதையில் மூன்று கிலோமீட்டர் நடந்தால் கௌப் படகுத்துறை. கார்களை ஏற்றும் படகில் அக்கரை போய், அங்கிருந்து தீவுக்குச் சிறு படகு. தீவில் இருப்பது ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன், சுங்கம் வசூலிக்கவே 1327 வாக்கில் ஜெர்மன் அரசர் பவேரிய லுட்விக் கட்டியது. முதலில் ஐங்கோணக் கோபுரம் மட்டும் எழுந்தது; சுற்றியுள்ள அறுகோண மதில் சில ஆண்டுகள் கழித்து வந்தது. கிட்டப் போனதும் நீரோட்டம் வரும் திசையைப் பாருங்கள். அந்தப் பக்கம் மதில் கப்பல் முகப்புபோலக் கூராக இருக்கும். வெள்ளமும் பனிக்கட்டியும் மோதும்போது பிளந்து இருபுறமும் விலகிப் போகத்தான் அந்தக் கூர். ஒவ்வொரு பிரபுவும் பேராயரும் ஆற்றில் தன் பங்குக்கு ஓரிடத்தை மறித்துக் காசு வாங்கியதால்தான் இவ்வளவு சிறிய பள்ளத்தாக்கில் இத்தனை கோட்டைகள். இதைப் புரிந்துகொள்ள இந்தத் தீவைவிட நல்ல இடம் இல்லை. 1814 புத்தாண்டு இரவில் பிரஷ்யத் தளபதி புளூஷரின் படை நெப்போலியனைத் துரத்திக்கொண்டு ரைனைக் கடந்ததும் இந்தத் தீவு வழியாகப் போட்ட மிதவைப் பாலத்தில்தான்.

ஆற்றில் நீர் ஏறினால் தீவுக்குப் படகு ஓடாது. முந்தின நாளே கௌப் நீர்மட்டத்தைப் பாருங்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அது ஆற்றின் ஆழம் அல்ல, அளவுகோலின் கணக்கு. கப்பல் வழி அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் ஆழம். திங்கட்கிழமையையும் பயணத்தில் சேர்க்க நினைத்தால், அன்று தீவு மூடியிருக்கும்.

இங்கே என் ஆதங்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் ஜெர்மனி வந்தால் பவேரியாவில் இருக்கும் நோய்ஷ்வான்ஸ்டைன் போய்விட்டு "இடைக்காலக் கோட்டை பார்த்தேன்" என்று எழுதுகிறார்கள். அதன் கட்டுமானம் தொடங்கியது 1869-ல். அழகானது, போங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அது அரண்மனை. ஜெர்மானியர்கள் அரண்மனையை ஷ்லோஸ் என்றும் கோட்டையை பூர்க் என்றும் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார்கள். கோட்டை, கொத்தளம், அகழி, அரண்மனை என்று ஒவ்வொன்றுக்கும் சொல் வைத்திருக்கும் நாம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் கொட்டுவது வேதனையாக இருக்கிறது. ரைன் கரையிலும் இந்தக் கவனம் வேண்டும்: ஸ்டோல்சன்ஃபெல்ஸ், ரைன்ஸ்டைன், சோனெக் மூன்றும் பழைய இடிபாட்டின்மேல் பிரஷ்ய அரச குடும்பத்தார் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பியவை. அவற்றையும் பாருங்கள், அதைத் தெரிந்துகொண்டு பாருங்கள்.

கௌப்பிலிருந்து வலது கரை ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் பிராவ்பாக். அதற்கு மேலே மார்க்ஸ்பர்க், நடு ரைனில் மலைமேல் இருந்தும் ஒருபோதும் தகர்க்கப்படாத கோட்டை. 1900 முதல் ஜெர்மன் கோட்டைகள் சங்கத்தின் கையில் இருக்கிறது. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், சுமார் 50 நிமிடம். பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கும். ஆங்கில நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப கௌப்பிலிருந்து கிளம்புங்கள். வாசல் தாண்டியதும் வரும் படிகள் பாறையிலேயே செதுக்கியவை, ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது பாதி. குதிரைகள் ஏறிய வழி அது. மூட்டுவலி உள்ள பெற்றோரை அழைத்து வந்தால் தீவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேல் கூடத்தில் சுவரைத் தாண்டி வெளியே துருத்தி நிற்கும் கழிப்பறையைப் பாருங்கள். தாழ்ப்பாள் கூடத்துப் பக்கம் இருக்கும். அந்தத் துவாரம் வழியாக எதிரி ஏறி வந்தாலும் கூடத்துக்குள் நுழைய முடியாது.

சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். இந்தச் சிற்றூர்களில் பல உணவகங்கள் மதியத்துக்குப் பின் அடுப்பை அணைத்துவிடும். சைவம் என்றால் ஃபிளாம்குகன் (மெல்லிய மாவின்மேல் க்ரீமும் வெங்காயமும் போட்டுச் சுடுவது) கேட்கும்போது ஸ்பெக் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது பன்றி இறைச்சி. ரொக்கமாகக் கொஞ்சம் யூரோ இருக்கட்டும், படகில் அட்டை செல்லாமல் போகலாம். சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகுப்பை போதும். பிராவ்பாக்கிலிருந்து கோப்லென்ஸ் பக்கம்தான்; அங்கிருந்து இரண்டு கரை வழியாகவும் பிராங்க்பர்ட் திரும்பலாம். வலது கரையில் பாதைப் பணி நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், அதற்கு நேரம் மிக அதிகம் பிடிக்கும். ஆகவே கிளம்பும் முன் ரயில் செயலியில் பார்த்துவிட்டு, சந்தேகமாக இருந்தால் இடது கரை வண்டியையே பிடியுங்கள்.