'டெர்மினேட்' என்ற சொல் இருந்தாலே அது வேலைநீக்கம் ஆகிவிடுமா?

ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் தாமாகவே விலகிய வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "முறையாக ராஜினாமா கொடுத்து, ஒரு மாத நோட்டீஸ் காலத்தையும் முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் எனக்குத் தரப்பட்ட கடிதத்தில் 'யுவர் எம்ப்ளாய்மென்ட் டெர்மினேட்ஸ் ஆன் 31 மார்ச்' என்று இருக்கிறது. என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று இதற்குப் பொருளா? புதிதாக நான் சேரவிருக்கும் இடத்தின் விண்ணப்பத்தில் 'எப்போதாவது டெர்மினேட் செய்யப்பட்டதுண்டா' என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதில் என்ன எழுதுவது?"

நீக்கிவிட்டார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. உங்கள் பணி அந்தத் தேதியோடு முடிகிறது என்பதை மட்டுமே அந்த வாக்கியம் சொல்கிறது. யார் முடித்தார்கள், ஏன் முடித்தார்கள் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இந்தக் குழப்பம் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஏற்படுவதில் வியப்பில்லை. தமிழில் 'முடி' என்ற வினை தானாக நிகழும்போது 'முடிந்தது' என்றும், ஒருவர் செய்யும்போது 'முடித்தது' என்றும் வடிவத்திலேயே பிரிந்துவிடுவதால், கேட்ட மாத்திரத்தில் எது தன்வினை, எது பிறவினை என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்து 'டெர்மினேட்' இரண்டு வேலைக்கும் ஒரே உருவத்தில்தான் வரும். 'த கான்ட்ராக்ட் டெர்மினேட்ஸ்' என்றால் ஒப்பந்தம் முடிகிறது. 'த கம்பெனி டெர்மினேட்ஸ் த கான்ட்ராக்ட்' என்றால் நிறுவனம் ஒப்பந்தத்தை முடிக்கிறது. எனவே வினைச்சொல்லை மட்டும் பார்க்காமல், அதற்கு முன்னால் எழுவாயாக நிற்பது யார் அல்லது எது, பின்னால் செயப்படுபொருள் ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான வழி. உங்கள் கடிதத்தில் எழுவாய் 'எம்ப்ளாய்மென்ட்'; பின்னால் செயப்படுபொருள் இல்லை; 'இஸ் டெர்மினேட்டட்' என்ற செயப்பாட்டு வடிவமும் இல்லை.

இதே இரட்டைப் பயன்பாட்டை ரயில் நிலையத்தில் நாம் கேட்டிருக்கிறோம். ஒரு ரயில் தாம்பரத்தில் 'டெர்மினேட்ஸ்' என்றால் அதன் பயணம் வழக்கமாகவே அங்கே நிறைவடைகிறது என்பதுதான் செய்தி. தண்டவாளப் பணிக்காகப் பாதி வழியிலேயே நிறுத்தப்படும் ரயிலை 'ஷார்ட் டெர்மினேட்டட்' என்று ரயில்வே அறிவிப்புகள் குறிப்பிடுகின்றன. முதலாவதில் எல்லை முன்பே குறிக்கப்பட்டது. இரண்டாவதில் ஒருவர் தலையிட்டு எல்லையை முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்.

எல்லை என்று நான் சொன்னது வேண்டுமென்றேதான். இந்தச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் 'டெர்மினஸ்'. அதற்கு எல்லை, எல்லைக்கல் என்று பொருள். உரோமானியர்கள் அந்த எல்லைக்கல்லையே அதே பெயரில் தெய்வமாக்கி, பிப்ரவரி 23-ஆம் நாளில் விழா எடுத்தார்கள். ஆகவே இந்த வினையின் அடிப்படைப் பொருள் அழிப்பதோ விரட்டுவதோ அல்ல. 'இதோ, இதுவரைதான்' என்று ஒரு கல்லை நட்டுவைப்பது. மின்பணியாளர்கள் 'கேபிள் டெர்மினேஷன்' என்று சொல்லும்போது இது மிகத் தெளிவாகத் தெரியும். கம்பியின் நுனியில் உறையைச் சீவி, 'லக்' என்ற உலோக முனைத்துண்டில் செருகி, கிரிம்பிங் கருவியால் அழுத்தி, இணைப்புப் புள்ளியில் திருகி முறுக்குவதுதான் அந்த வேலை. அங்கே எதுவும் ஒழிக்கப்படுவதில்லை. சொல்லப்போனால், கம்பிக்கு ஒழுங்கான முனை அமைந்த பிறகுதான் மின்சாரமே பாய்கிறது. பேருந்து டெர்மினஸைத் தமிழில் 'முனையம்' என்று பெயர்த்தவர்கள் இந்தப் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன். மருத மரமும் கடுக்காய் மரமும் அடங்கிய தாவரப் பேரினத்துக்கு 'டெர்மினேலியா' என்ற பெயர் வந்ததும், இலைகள் கிளை நுனியில் கொத்தாக அமைவதால்தான்.

எல்லை குறிக்கத்தக்க ஓட்டம் ஒன்று இருந்தால்தான் இந்த வினை பொருந்தும் என்பது இதிலிருந்து விளங்கும். ஒப்பந்தம், குத்தகை, பணி, உறுப்பினர் தகுதி, கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஆகியவற்றோடு அது இயல்பாகச் சேரும். மருத்துவத்தில் கருக்கலைப்பைக் குறிப்பதும் இதே சொல்தான். 1971-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின் பெயரே 'மெடிக்கல் டெர்மினேஷன் ஆஃப் பிரக்னன்சி ஆக்ட்' என்பதாகும். சாப்பாட்டை முடித்ததற்கும் வீட்டுப்பாடத்தை முடித்ததற்கும் 'ஃபினிஷ்' போதும். அங்கே 'டெர்மினேட்' போட்டால் ஆங்கிலம் அறிந்தவருக்கு அது விநோதமாக ஒலிக்கும். 'ஸ்டாப் ஒர்க்கிங்' என்பதைப் போல 'டெர்மினேட் ஒர்க்கிங்' என்றும் எழுதக் கூடாது. இந்த வினை தனக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லையே எதிர்பார்க்கும்.

'எக்ஸ்பயர்' என்பதோடு இதைக் கலந்துவிடுவது அலுவலகக் கடிதங்களில் நான் அடிக்கடி திருத்தும் பிழை. 11 மாத வாடகை ஒப்பந்தம் பதினோராவது மாத இறுதியில் தானே காலாவதியானால் அதற்கு 'எக்ஸ்பயர்' பொருத்தமானது. ஆறாவது மாதத்திலேயே நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொண்டால் 'டெர்மினேட்' என்றுதான் எழுத வேண்டும். சட்ட ஆங்கிலத்தில் இதற்கு உடன்பிறப்பு ஒன்றும் உண்டு: 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு, குத்தகை முடிவுறுவதை 'டிடெர்மின்ஸ்' என்று சொல்கிறது. 'தீர்மானிக்கிறது' என்று அதை மொழிபெயர்த்தால் பொருளே மாறிவிடும்.

பணி தொடர்பான சொற்களுக்கு வருகிறேன். நம் பேச்சுவழக்கில் 'அவரை டெர்மினேட் பண்ணிவிட்டார்கள்' என்றால் தண்டனையாக வெளியேற்றிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு அரசு ஊழியருக்கான பாதுகாப்பைச் சொல்லும்போது 'டிஸ்மிஸ்ட்', 'ரிமூவ்ட்' என்ற சொற்களையே ஆள்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளும், தகுதிகாண் பருவத்தில் இருப்பவரின் பணியை நியமன நிபந்தனைகளின்படி முடிப்பதற்கு 'டெர்மினேஷன்' என்று பெயரிட்டு, அது தண்டனை ஆகாது என்று விளக்கம் தருகின்றன. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், ஆட்குறைப்பை வரையறுக்கும்போது, ஒழுங்கு நடவடிக்கையின் தண்டனையாக அல்லாமல் வேலையளிப்பவர் செய்யும் 'டெர்மினேஷன்' என்றே சொன்னது. ஆக, இது பொதுச்சொல். தண்டனையா இல்லையா என்பதை உடன் எழுதப்படும் காரணமே காட்டும்.

ஆனால் செயப்படுபொருளாக ஒரு மனிதர் வரும்போது நிலைமை மாறுகிறது. 'ஹர் கான்ட்ராக்ட் வாஸ் டெர்மினேட்டட்' என்பதில் முடிக்கப்பட்டது ஒப்பந்தம். 'ஷீ வாஸ் டெர்மினேட்டட்' என்பதில் வெளியேற்றப்பட்டவர் அவரே. அமெரிக்க நிர்வாக ஆங்கிலத்தில் பரவலாகப் புழங்கும் இந்த இரண்டாவது வடிவத்தில்தான் உங்கள் விண்ணப்பத்தின் கேள்வியும் அமைந்திருக்கிறது. நிறுவனம் தானாக உங்களை விலக்கியதா என்பதே அங்கே கேட்கப்படுவதால், 'இல்லை' என்று தயங்காமல் எழுதுங்கள். விலகிய காரணம் கேட்கும் இடத்தில் 'ரிசைன்ட்' என்று குறிப்பிட்டு, ராஜினாமாக் கடிதத்தின் நகலையும் அது ஏற்கப்பட்டதற்கான மின்னஞ்சலையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடமுள்ள கடிதத்தில் ராஜினாமா பற்றிய குறிப்பே இல்லையென்றால், அந்த வாக்கியத்தின் முன்னால் 'கான்சிக்வென்ட் அப்பான் யுவர் ரெசிக்னேஷன்', அதாவது 'உங்கள் ராஜினாமாவைத் தொடர்ந்து', என்று சேர்த்துத் தரும்படி மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள். நியாயமான கோரிக்கை என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கடிதத்தில் எங்கேனும் 'டெர்மினேட்டட் பை த கம்பெனி' என்று இருந்தால் மட்டும் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. அது உண்மைக்கு மாறானது என்பதால் எழுத்து மூலமாகத் திருத்தம் கேட்டுப் பெறுங்கள்.

இனி வேறொரு பணியிலிருந்து விலக நேர்ந்தால், 'ஐ வான்ட் டு டெர்மினேட் மை ஜாப்' என்று எழுதிவிடாதீர்கள். இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை 'டெர்மினேட்' செய்யலாம் என்று நியமனக் கடிதங்களில் இருப்பது உண்மைதான். ஆனால் ஊழியர் தம் வாயால் சொல்வதற்கு ஆங்கிலம் 'ரிசைன்' என்ற தனிச்சொல்லை வைத்திருக்கிறது. 'ஐ ரிசைன் ஃப்ரம் மை போஸ்ட்' என்று எழுதி, கடைசி வேலைநாள் எது என்பதையும் அதே வரியில் தேதியோடு குறிப்பிடுங்கள்.