பத்து மாதக் குழந்தையோடு தனியாக விமானம் ஏறலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் பதில்களை விடாமல் படிப்பவள் நான். எனக்கும் ஒரு நாள் எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

என் கணவர் ஷார்ஜாவில், ஏ.சி. வேலைகளை கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகப்போகிறது. பத்து மாதத்தில் ஒரு மகன். அவனை இவர் இன்னும் கையில் தூக்கியதில்லை. இப்போதுதான் எங்களுக்கு ஃபேமிலி விசா எடுத்திருக்கிறார். விசா வந்ததிலிருந்து 60 நாளுக்குள் அங்கே போய் இறங்க வேண்டுமாம். அதில் பாதி போய்விட்டது. இன்னும் டிக்கெட் போடவில்லை.

நான் விமானத்தில் ஏறியதே கிடையாது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு அவரை வழியனுப்பப் போயிருக்கிறேன், கண்ணாடிக்கு வெளியிலேயே நின்று திரும்பிவிடுவோம். இப்போது ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பை, தோளில் இன்னொரு பை என்று நான் மட்டும் உள்ளே போக வேண்டும். குழந்தைக்குக் காது அடைக்குமா, விடாமல் அழுதால் என்ன செய்வது, பக்கத்து சீட்டில் ஆண்கள் இருந்தால் எப்படிப் பால் கொடுப்பது, இமிக்ரேஷனில் என்ன கேட்பார்கள், ஒன்றும் தெரியவில்லை. அவரிடம் கேட்டால், "எல்லாரும் வர்றாங்க, நீயும் வந்துடுவ" என்கிறார். இது ஒரு பதிலா?

இந்த விசாவுக்காக நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். பிறப்புச் சான்றிதழில் முதலில் பிள்ளையின் பெயரே இல்லை, அதைச் சேர்க்க நகராட்சிக்கு நடந்தேன். கல்யாணச் சான்றிதழில் இவர் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. அதற்கு ஒரு அலைச்சல். அப்புறம் இரண்டு சான்றிதழுக்கும் சென்னைத் தலைமைச் செயலகம், வெளியுறவுத் துறை, எமிரேட்ஸ் தூதரகம் என்று வரிசையாக அட்டஸ்டேஷன். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணம் தனி. பிள்ளையின் பாஸ்போர்ட் போட்டோவுக்கு அவனை வெள்ளை வேட்டியில் படுக்கவைத்து, என் அண்ணன் ஸ்டூல் மேல் ஏறி நின்று செல்போனில் எடுத்தான். கண்ணைத் திறந்தால் வாயையும் திறக்கிறான், வாயை மூடினால் தூங்கிவிடுகிறான். ஒரு மத்தியானம் முழுக்க அதற்கே போனது. இவர் அங்கிருந்து "ஓகே" என்று ஒரு வார்த்தை அனுப்பினார்.

மாமியார் பிடித்த பிடியில் நிற்கிறார். குலதெய்வம் கோயிலில் முடி இறக்கிக் காது குத்தாமல் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பக் கூடாதாம். என் அண்ணன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும், அவனும் வரும் மாதம் சிங்கப்பூர் போகிறான். இதையெல்லாம் இவர்தானே பேசித் தீர்க்க வேண்டும்? "அம்மா சொல்றதையும் கொஞ்சம் பாரு" என்கிறார். நாத்தனார் சும்மா இல்லை. "என் தம்பி அங்க வெயில்ல காயறான், இவளைக் கூட்டிட்டுப் போக ஆள் வேணுமாம்" என்று என் காதுபடவே சொன்னார். எல்லாவற்றையும் நான் ஒருத்திதான் தாங்குகிறேன்.

பிள்ளை பிறந்தபோதும் இவர் வரவில்லை. நாள் தள்ளிப்போனதே இவர் லீவு முடிந்து போன பிறகுதான் தெரிந்தது. அடுத்த லீவுக்கு வருவார் என்று பார்த்தால், லீவு சம்பளத்தை வாங்கி வீட்டு அட்வான்ஸுக்குப் போட்டுவிட்டார். அந்த வீடும் ஒரே அறைதான், ஸ்டூடியோ ஃப்ளாட்டாம். டிக்கெட் என்ன ஆச்சு என்று கேட்டால், தூளி ஸ்டாண்டு வாங்கி மாட்டியாச்சு என்று போட்டோ அனுப்புகிறார். ஊருக்கு வந்த இரண்டு லீவும் எப்படிப் போனது என்று யாருக்குத் தெரியும்? கல்யாண லீவு மறுவீடு, விருந்து என்று போய்விட்டது. அடுத்தது மாமனாரின் கண் ஆபரேஷன், வீட்டு ஒட்டு வேலை என்று போய்விட்டது. டிக்கெட் போடும்போது ரிட்டர்னும் சேர்த்தே போடச் சொன்னேன், பொங்கலுக்கு ஊருக்கு வருகிற மாதிரி. சேர்த்துப் போட்டால் விலை குறையும் என்று அண்ணன் சொன்னான், அதனால்தான், வேறு ஒன்றும் இல்லை. அதற்கும் "சரி, பார்க்கலாம்" என்றார். அதிலிருந்து ராத்திரி போன் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. டிக்கெட்டும் வரவில்லை. நாத்தனார் ஏதாவது ஓதியிருப்பாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.

குழந்தையோடு தனியாகப் போகலாமா? காது குத்தை என்ன செய்வது? பொறுப்பே எடுத்துக்கொள்ளாத மனிதரை எப்படிப் பொறுப்பெடுக்க வைப்பது? வழி சொல்லுங்கள் அம்மா.

பெயர் வேண்டாம்,
பட்டுக்கோட்டை பக்கம்

*

அன்புள்ள மகளுக்கு,

குழந்தையோடு தாராளமாகப் போகலாம். அதைக் கடைசியில் பேசுவோம், அது சின்ன விஷயம்.

இவ்வளவு நீளக் கடிதத்தில் எல்லாவற்றையும் அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். ஓரிடத்தில் மட்டும் "வேறு ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். குடும்ப விசாவில் முதல்முறை குடித்தனம் போடப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒருவழி டிக்கெட்தான் எடுப்பார்கள். நீங்கள் போவதற்கு முன்னாலேயே திரும்புகிற தேதியைக் கேட்டிருக்கிறீர்கள். விலை குறைவு என்று அண்ணன் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். அவர் சொல்லாவிட்டாலும் நீங்கள் வேறு காரணம் கண்டுபிடித்து அதையே கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏன் என்பதையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். கல்யாணமாகி மூன்று வருஷம் என்று கணக்குச் சொல்கிறோம். சேர்ந்து இருந்தது இரண்டு லீவு. ஒன்றில் ஊர் முழுக்க விருந்து, இன்னொன்றில் ஆஸ்பத்திரியும் சிமெண்டும். அவர் காலையில் எழுந்ததும் பேசுகிறவரா, டீ உள்ளே போகும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பவரா? கோபம் வந்தால் கத்துவாரா, பேச்சை நிறுத்துவாரா? உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவருக்கும் உங்களைப் பற்றித் தெரியாது. கணவரிடம் திரும்பப் போவதாக ஊர் நினைக்கிறது. நீங்கள் போவது அதிகம் பழக்கமில்லாத ஒரு மனிதரோடு, ஒரே அறையில், கைக்குழந்தையோடு, அம்மா வீடு பக்கத்தில் இல்லாமல் வாழ. பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம். அந்தப் பயத்தை விமானத்தின் மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இந்தப் பயம் உங்கள் மேல் உள்ள குறை இல்லை. வளைகுடாவில் கணவர் இருக்கும் வீடுகளில் இது சகஜம். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் வராது. "கூப்பிட்டுக்க மாட்டாரா" என்று ஏங்கியவள் கூப்பிட்டதும் தயங்கினால் ஊர் வேறு மாதிரி பேசும் இல்லையா? அதனால் காது அடைக்குமா என்று கேட்கிறோம்.

இனி உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன். அந்த ஐந்து நிமிஷ போனுக்கு நாத்தனாரைத் தேட வேண்டாம். பொங்கலுக்கு ரிட்டர்ன் என்று நீங்கள் கேட்டதை அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று ஒரு தடவை யோசித்தீர்களா? அங்கே மனைவி பிள்ளைக்கு விசா எடுக்க, 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். அது போக, வீட்டு வாடகை ஒப்பந்தம் காட்ட வேண்டும். வாடகையும் நம் ஊர் போல மாசா மாசம் கையில் கொடுப்பதாகப் பெரும்பாலும் இருக்காது. பின்தேதி போட்ட காசோலைகளை நாலோ ஆறோ முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு தேதிக்கும் கணக்கில் பணம் இருந்தாக வேண்டும். பேச்சிலர் ரூமில் ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்துக் காலம் தள்ளுகிற ஒருவர் இந்தக் கணக்குக்குள் காலை வைப்பது சாதாரணம் இல்லை. ஊருக்கு வந்து பிள்ளையைப் பார்த்திருக்கலாம், அந்த லீவை விட்டுவிட்டு அட்வான்ஸ் கட்டியிருக்கிறார். நீங்கள் அதைக் குற்றப் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவும் முடிந்த பிறகு, வருகிறவள் திரும்புகிற தேதியைக் கேட்கிறாள். "இவளுக்கு இங்கே இருக்க மனசில்லை" என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கும். சண்டை போடத் தெரிந்த ஆளாக இருந்தால் போட்டிருப்பார். இவர் "சரி, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சுருண்டுவிட்டார்.

பொறுப்பில்லாதவர் என்கிறீர்கள். டிக்கெட் கேட்டால் தூளி ஸ்டாண்டு போட்டோ வருகிறது என்று எரிச்சல்படுகிறீர்கள். அந்த மனிதருக்கு வார்த்தை வரவில்லை, பொருள்தான் வருகிறது. உங்களுக்கும் அப்படித்தான். நீங்கள் அவருக்கு அனுப்பியதெல்லாம் சான்றிதழ், அவர் உங்களுக்கு அனுப்பியதெல்லாம் ஓகே. இரண்டு பேரும் ஒரு வருஷமாக ஃபைல் நகர்த்திக்கொண்டிருக்கிறீர்கள். யார் அதிகம் அலைந்தார்கள் என்று கேட்டால் நீங்கள் ஜெயிப்பீர்கள், சந்தேகமே இல்லை. ஜெயித்த கையோடு அந்த ஒரே அறைக்குள் போய் என்ன செய்யப் போகிறீர்கள்?

ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்கிறேன். அவர் மிரட்டியதாகவோ, பணத்துக்கு நெருக்கியதாகவோ, அவர் குணத்தில் பயப்படும்படி எதையாவது பார்த்ததாகவோ உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அப்படி இருந்தால், இந்தப் பதிலைத் தள்ளி வைத்துவிட்டு உடனே எழுதுங்கள். அதற்கு வேறு பதில்.

இல்லையென்றால், இன்றைக்கே பேசுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம், குழந்தை தூங்கிய பிறகு கூப்பிடுங்கள். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், அவர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருப்பார். "ரிட்டர்ன் டிக்கெட் விலைக்காகக் கேட்கவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, நாம் சேர்ந்தே இருந்ததில்லையே" என்று சொல்லுங்கள். "எனக்கும்தான்" என்று அவர் சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

திரும்பி வர வழி வேண்டும் என்று நினைப்பது தப்பே இல்லை. அதைத் தேதி போட்ட டிக்கெட்டாக வைத்துக்கொள்ளாமல், ஒரு டிக்கெட்டுக்கான பணமாக உங்கள் பெயரில் உள்ள கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்திருப்பதை அவரிடமும் சொல்லுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டும் பிள்ளையின் பாஸ்போர்ட்டும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். எப்போதாவது ஆலோசனை தேவைப்பட்டால் துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற உதவி மையம் இருக்கிறது. பொங்கலுக்கு வருவதா வேண்டாமா என்பதைக் கார்த்திகை வாக்கில் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யலாம். வந்தாலும் விசா போய்விடாது. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால்தான் சிக்கல்.

நீங்கள் கேட்காத ஒன்று. போனில் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை, நேரில் பார்த்ததும் வீறிட்டு அழுவான். எட்டு, ஒன்பது மாதத்திலிருந்து குழந்தைகளுக்குப் புது முகம் என்றால் பயம். வளர்ச்சியில் வருகிற இயல்பான கட்டம் அது. இதை இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள். ஏர்போர்ட்டில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார் பாவம், பிள்ளை உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டால் முகம் செத்துவிடும். வார விடுமுறைக்கு முதல் நாள் போய் இறங்குகிற மாதிரி பாருங்கள். அப்புறம், அழுகிறான் என்று ஒவ்வொரு தடவையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். ஒரு வேளை கஞ்சி, ஒரு வேளைக் குளியல் அவருடையது என்று விட்டுவிடுங்கள். தப்பாகத்தான் செய்வார். இத்தனை நாள் எல்லாவற்றையும் தனியாகச் செய்து பழகிய உங்களுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் இந்தப் பயணத்திலேயே கஷ்டமான வேலையாக இருக்கும்.

இனி விமானம். திருச்சியிலிருந்து சுமார் நாலு மணி நேரம். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை மடியில்தான், தனி சீட் கிடையாது. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் பால் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும். ஜன்னல் சீட் கேளுங்கள், ஒரு துப்பட்டா போதும். குழந்தைக்கான பால், கஞ்சி, வெந்நீரைப் பாதுகாப்புச் சோதனையில் காட்டிவிட்டு எடுத்துப் போகலாம். இமிக்ரேஷனில் விசா பிரதியைக் கேட்பார்கள், கணவரின் முகவரியும் போன் நம்பரும் கையில் இருக்கட்டும். திருச்சி விமானத்தில் கைக்குழந்தையோடு போகிற பெண்கள் எப்போதும் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். வரிசையில் நிற்கும்போதே பேச்சுக் கொடுத்துவிடுங்கள்.

காது குத்து அடுத்த லீவுக்குப் போகட்டும், தாய்மாமனும் அதற்குள் ஊருக்கு வந்துவிடுவார். அதை மாமியாரிடம் நீங்கள் சொல்லாதீர்கள். உங்கள் கணவர் சொல்லட்டும், நீங்கள் கிளம்புவதற்கு முன்னால்.