குட்டியைச் சேர்க்காத ஆடு

அன்புள்ள ஐயா,

போன வாரம் நள்ளிரவில் எங்கள் வெள்ளாடு இரண்டு குட்டி ஈன்றது. தலையீற்று. இரண்டாவது குட்டி நோஞ்சான். விழுந்ததுமே துடைத்து, சாக்கில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டோம். காலையில் மடியில் விட்டால் மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளுகிறது. மற்றதை நக்கிக்கொண்டே இருக்கிறது. ஹார்மோன் குறைவு, ஊசி போடலாம் என்கிறார்கள். பெற்ற குட்டியை ஓர் இரவில் ஆடு மறந்துவிடுமா?

உங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

மறப்பதற்கு அது அந்தக் குட்டியை முதலில் கற்றிருக்க வேண்டும். அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

குட்டி நெருக்கிக்கொண்டு வெளியே வரும் அழுத்தம் நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. உடனே மூளைக்குள் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. கேம்பிரிட்ஜில் கீத் கென்ட்ரிக், பாரி கெவர்ன் ஆகியோரின் ஆய்வுக் குழுவினர் இதைச் செம்மறிகளில் பல வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். 1987இல், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்துத் தயார்செய்த, சினையே இல்லாத ஆடுகளின் மூளைக்குள் ஆக்சிடோசினைச் செலுத்தினார்கள். சற்று நேரத்தில் அவை யாரோ பெற்ற குட்டியை நக்க ஆரம்பித்தன! மூளையில் வாசனையை வாங்கும் பகுதியையும் பார்த்தார்கள். ஈனுவதற்கு முன் அங்குள்ள நரம்பணுக்கள் பெரும்பாலும் தீவன வாசனைக்கே துடித்தன. ஈன்ற பிறகு குட்டி வாசனைக்குத் துடிப்பவை பெருகிவிட்டன. மற்ற நாட்களில் ஆடு முகம் திருப்பிக்கொள்ளும் பனிக்குட நீரை அந்த வேளையில் மட்டும் ஆசையாக நக்குவதும் இதோடு சேர்ந்ததுதான்.

ஆனால் இந்தக் கதவு கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். 1964இல் பீட்டர் க்ளாப்ஃபர் என்ற ஆய்வாளர் வெள்ளாடுகளிலேயே சோதித்தார். ஈன்றதும் 5 நிமிடம் குட்டியோடு இருந்த தாய்கள், அப்புறம் 3 மணி நேரம் வரை பிரித்து வைத்தாலும் பெரும்பாலும் குட்டியைச் சேர்த்துக்கொண்டன. அந்த 5 நிமிடம் கிடைக்காதவற்றில் பெரும்பாலானவை முட்டித் தள்ளின. உங்கள் கொட்டிலில் நடந்ததும் இதேதான். பழகிய தாயாக இருந்தால் ஓரளவு சமாளித்திருக்கும். தலையீற்றுக்கு அது கஷ்டம்.

ஹார்மோன் குறைவு என்பதை நான் ஏற்க மாட்டேன். மற்ற குட்டியை நக்குகிறதே! ஊசியும் உதவாது. ரத்தத்தில் போடும் ஆக்சிடோசின் பாலை இறக்கும், கருப்பையைச் சுருக்கும். மூளைக்குள் அது எளிதில் நுழையாது.

இப்போதைக்குத் தாயைப் பிடித்துக்கொண்டு குட்டியை ஊட்ட விடுங்கள், தினமும் பலமுறை. சில ஆடுகள் நாளடைவில் இணங்கிவிடும். குட்டியைத் துடைத்தது தப்பில்லை, குளிரில் விட்டிருந்தால் செத்திருக்கும். அடுத்த ஈற்றில் மட்டும், நோஞ்சானாக இருந்தாலும், ஈரத்தோடு தாயின் மூக்கருகே 5 நிமிடம் போட்டுவிட்டு அப்புறம் சாக்கை எடுங்கள்.