"எல்லாமே போர் அடிக்குது அக்கா"

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 21 வயது. பதினாறு வயதில் குடியில் ஆரம்பித்தான். அப்புறம் கஞ்சா, மாத்திரை என்று போய், கடைசியில் மறுவாழ்வு மையத்தில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறான். வந்து ஏழு வாரம் ஆகிறது. இதுவரை எதையும் தொடவில்லை. ஆனால் நாள் முழுக்கக் கட்டிலில் படுத்துக்கொண்டு செல்போனைப் பார்த்தபடி இருக்கிறான். சினிமாவுக்கு அழைத்துப் போனேன், இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டான். எதைக் கேட்டாலும் "எல்லாமே போர் அடிக்குது அக்கா" என்கிறான். பழைய சேர்க்கை கூடாது என்று மையத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வேறு நண்பர்களும் அவனுக்கு இல்லை. "குடிக்காமல் இருந்தால் போதும், இப்போது ஜாலி ஒன்றுதான் குறைச்சலா?" என்கிறார் அம்மா. அவன் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது தவறா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

தவறே இல்லை. உங்கள் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. பிள்ளையை அந்தக் கோலத்தில் பார்த்தவர் அவர். இப்போதைக்கு அசையாமல் இருந்தாலே போதும் என்றுதான் தோன்றும். ஆனால் இந்த வயதுப் பையனுக்கு வெறும் மாலைப்பொழுது ஆபத்தானது. போதையில் இருந்த காலத்தில் அவனுக்கு மாலையில் என்ன செய்வது என்ற கேள்வியே எழுந்திருக்காது. யாரைப் பார்ப்பது, எங்கே உட்காருவது, எதைச் சொல்லிச் சிரிப்பது, எப்போது தூங்குவது என்று எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்துவிடும். அதை நிறுத்தியதும் போதையோடு சேர்ந்து நண்பர்கள், இடம், பேச்சு எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. அந்த இடத்தில் எதையும் வைக்காமல் "சும்மா இரு" என்றால் எத்தனை நாள் இருப்பான்?

அவன் போர் அடிக்கிறது என்று சொல்வதை நம்புங்கள். அது சோம்பலோ திமிரோ இல்லை. ஒன்றில் நாட்டம் உண்டாகக் காரணமான டோபமைன் என்ற ரசாயனம் நம் மூளையில் சுரக்கிறது. இயல்பான சந்தோஷங்களைவிடப் போதைப்பொருட்கள் அதை அதிகமாகச் சுரக்க வைக்கின்றன. வருடக்கணக்கில் அப்படி நடந்தால் மூளை அதற்கேற்பத் தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு சினிமா, பாட்டு, அரட்டை எதுவும் உறைப்பதில்லை. இது மெதுவாகச் சரியாகும். நோரா வோல்கோவ் என்ற அமெரிக்க மூளை ஆய்வாளரின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மெத் (மெத்தாம்பெட்டமின்) என்ற போதைப்பொருளை விட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. டோபமைனைக் கையாளும், குறைந்து போயிருந்த 'டோபமைன் கடத்திகள்' என்ற புரதங்கள், 12 முதல் 17 மாதங்கள் விலகியிருந்தபோது நன்றாகவே மீண்டிருந்தன. உங்கள் தம்பி தொட்டவை வேறு, கணக்கும் வேறாக இருக்கும். ஆனாலும் ஏழு வாரத்தில் பழைய மாதிரி குதூகலிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இடைவேளையில் எழுந்து வந்தானே, அதற்கு வருத்தப்படாதீர்கள். இருட்டில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருவது இந்தக் கட்டத்தில் கடினமான காரியம்.

அதனால் சந்தோஷம் வந்த பிறகு வெளியே போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் போகட்டும். ருசி பிறகு வரும்.

1973இல் அமெரிக்காவின் இல்லினாயில் ஜார்ஜ் ஹன்ட், நேதன் அஸ்ரின் என்ற இருவர் குடிநோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை முறையை வகுத்தார்கள். வேலை தேட உதவி, குடும்ப ஆலோசனை ஆகியவற்றோடு ஒரு பழைய மதுக்கூடத்தையே மது இல்லாத கிளப்பாக மாற்றி, வாரக் கடைசியில் அங்கே கூட வைத்தார்கள். அந்த முறையில் வந்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மிகக் குறைவாகவே குடித்தார்கள். பிற்பாடு இதை வளர்த்தெடுத்தவர்கள் பதின்வயதினருக்கும் ஒரு வடிவம் செய்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. "நீச்சல் வகுப்பில் சேர்ந்துகொள்" என்று சொல்லி அனுப்பிவிட மாட்டார்கள். ஆலோசகர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த இடத்துக்குப் போன் செய்ய வைப்பார்கள். எந்த நாள், எத்தனை மணி, அங்கே யாரைப் பார்ப்பது என்று அப்போதே முடிவாகிவிடும். போய் வந்த பிறகு எப்படி இருந்தது என்று பேசுவார்கள். முதல் அடியை அவனாகவே எடுத்து வைப்பான் என்று யாரும் எண்ணிக்கொள்வதில்லை.

நீங்களும் இதையே செய்யலாம். "ஏதாவது பண்ணேன்டா" என்பது அவனுக்கு மலையைக் காட்டுவது மாதிரி. போதைக்கு முன்னால், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் எதில் நேரம் போனது தெரியாமல் இருந்தான் என்று யோசியுங்கள். பந்தா, சைக்கிளா, படம் வரைவதா, எதையாவது கழற்றி மாட்டுவதா? அதிலிருந்து இரண்டு மூன்றைச் சொல்லி அவனையே தேர்ந்தெடுக்க விடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். முதல் தடவை கூடவே போங்கள். போய் வேடிக்கை பார்க்காதீர்கள், நீங்களும் ஆடுங்கள்.

உடம்பு அசைகிற, கைக்கு வேலை இருக்கிற, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற விஷயங்கள் முதலில் நல்லவை. காரணம் உண்டு. பதினாறு வயதில் ஆரம்பித்தவன் போதை இல்லாமல் நாலு பேர் நடுவில் எப்படி இருப்பது என்பதைக் கற்றுக்கொள்ளவே இல்லை. எதிரெதிரே உட்கார்ந்து பேசச் சொன்னால் கூசிப்போவான். கையில் ஷட்டில் மட்டையோ தாளக் கருவியோ இருந்தால் பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை.

மறுவாழ்வு மையம் ஒன்றில் இளைஞர்களோடு விளையாட நானும் போவதுண்டு. அங்கே ஒரு பையன் ஷட்டிலில் எக்கி ஒரு பந்தை அடித்தான். அது வலையில் பட்டு மெதுவாக உருண்டு எதிர்ப் பக்கம் விழுந்தது. எதிரில் நின்றவன் பாய்ந்து வந்து வெறும் தரையை அடித்தான். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சட்டென்று முதல் பையன் நிறுத்திவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தான். ஏதோ தப்பு செய்த மாதிரி முகம். சிரிப்பு என்றாலே அவன் ஏதோ போட்டிருக்கிறான் என்று வீட்டில் சந்தேகப்பட்டுப் பழகியிருக்கிறார்கள். உங்களிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவன் சிரித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால் முகர்ந்து பார்க்காதீர்கள். சோதனை தேவையென்றால் அதை ஆலோசகர் பார்த்துக்கொள்ளட்டும். "எப்படிடா இருந்தது?" என்று ஒரு முறை கேளுங்கள், போதும். அவன் விளையாடும் இடத்தில் போட்டோ எடுத்து உறவினர்களுக்கு அனுப்ப வேண்டாம், அதை வைத்து அறிவுரை சொல்லவும் வேண்டாம்.

நண்பர்கள் விஷயம்தான் கடினம். அக்காவே எத்தனை நாள் கூட ஆட முடியும்? அவன் வயதில் மீண்டு வருகிறவர்களைத் தேடுங்கள். போதையிலிருந்து மீள்கிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் நார்கோடிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1953இலிருந்து நடக்கிறது. குடியை விடுகிறவர்களுக்கான இதே போன்ற அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் இளைஞர்களுக்கென்றே 1958இலிருந்து சர்வதேச மாநாடு நடக்கிறது. கூட்டம் மட்டுமின்றி அங்கே நடனமும் உண்டு. குடிக்காமல் ஆடலாம் என்று பெரியவர்கள் சொன்னால் அவன் நம்ப மாட்டான், தன் வயதுக்காரன் ஆடுவதைப் பார்த்தால் நம்புவான். இணையத்திலும் கூட்டங்கள் உண்டு.

சிலவற்றில் மட்டும் கவனம் தேவை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு வேண்டவே வேண்டாம், அது இன்னொரு போதை. விடிய விடிய வீடியோ கேம் ஆடினால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டவனுக்கு ஆசையை அடக்குவது சிரமம். கல்யாணம், பார்ட்டி என்று குடி புழங்கும் இடத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றால், கிளம்பும்போதே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவன் "போகலாம்" என்றால் ஏன் என்று கேட்காமல் நீங்கள் எழுந்துவிட வேண்டும்.

இவ்வளவும் சிகிச்சையோடு சேர்ந்துதான். அவன் வாரக்கணக்கில் எழவே மறுத்தாலோ, சரியாகச் சாப்பிடாமல் இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேசினாலோ உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனச்சோர்வுக்குத் தனியாக மருந்து தேவைப்படலாம். தவறிப்போய் மறுபடி தொட்டுவிட்டால் திட்டித் துரத்தாதீர்கள். இத்தனை நாள் விலகியிருந்ததில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவே உயிரை எடுத்துவிடலாம். அந்த நேரத்தில் தயங்காமல் உங்களுக்குப் போன் செய்யலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். முடிந்தால் ஒரு நாள் அவரும் உங்களோடு வரட்டும். இந்த வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம் போதும். போனை அவன் கையில் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். அவன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்று ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்